மூன்று கோபுர உயரத்தில் வேலை

கச்சேரி ரோட்டிலிருந்து பிரிகிற அந்தச் சந்தில், யார் வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்று யாரும் யாரையும் கேட்கவேண்டிய அவசியமே கிடையாது. ஒருவர் பிளைவுட் கடை, ஒருவர் ஷேர் ஆட்டோ, ஒருவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சஃப்வான் விஷயம் மட்டும்தான் யாருக்கும் பிடிபடவில்லை. மாதத்தில் பாதிக்கு மேல் ஆளையே காணமுடியாது. திடீரென்று ஒரு காலையில் வெயிலில் வெந்த முகத்தோடு, பெரிய பையைச் சுமந்துகொண்டு வந்து இறங்குவார். ஒரு வாரம் மகள் சிம்ராவைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு சாந்தோம் கடற்கரை வரைக்கும் சுற்றுவார். அப்புறம் மறுபடியும் காணாமல் போவார்.

"பாய், மெய்யாலுமே நீ இன்னா வேலை செய்யறே?" என்று டீக்கடையில் யாராவது வாயைக் கிளறினால், "காத்தாடிக்கு எண்ணெ போடறேன்" என்பார். மாஞ்சா நூலும் வாலும் ஞாபகம் வந்து கேட்டவர் சிரித்துவிடுவார். அதற்கு மேல் விளக்கிக்கொண்டிருக்க சஃப்வானுக்குப் பொறுமை கிடையாது. டீயைக் குடித்துவிட்டு நடையைக் கட்டிவிடுவார்.

கல்யாணம் பேசியபோது வஜீஹாவின் வீட்டிலும் இதே கூத்துதான். "மாப்ள ஃபேன் மெக்கானிக்கா?" என்று அவளுடைய சின்னம்மா முகத்தைச் சுளித்தாள். "ஃபேன்தான், கொஞ்சம் பெரிய ஃபேன்" என்று அவளைப் பெற்ற அம்மி சமாளித்தாள். எவ்வளவு பெரிய ஃபேன் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. வஜீஹாவுக்கும் தெரியாது. படித்தவள், ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் முன் மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களை வரிசைப்படுத்துகிறவள், அவளே அதைப்பற்றி யோசித்துப் பார்த்ததில்லை. நாம் யார்தான் யோசித்தோம்? சுவிட்சைத் தட்டினால் காற்று வருகிறது. அந்தக் காற்றுக்குக் கரண்ட் எடுக்க, எங்கேயோ தெற்கே ஒரு காற்றாலையின் உச்சியில் ஒரு மனுஷன் காற்றிலேயே ஏறி நிற்கிறான் என்பது நம் புத்திக்கு எட்டுவதில்லை.

கல்யாணமான புதிதில் ஒரு சாயங்காலம், இருவரும் கபாலி கோயில் பக்கமாகக் காய்கறி வாங்கப் போனார்கள். வஜீஹா பேச்சுவாக்கில், "நீங்க ஏறுற காத்தாடி எவ்ளோ ஒசரம் இருக்கும்?" என்றாள். சஃப்வான் நின்று, கிழக்குக் கோபுரத்தை அண்ணாந்து ஒரு பார்வை பார்த்தார்.

"இதே மாதிரி மூணு. ஒண்ணு மேல ஒண்ணு."

"போங்க, சும்மா அளக்காதீங்க!"

"அளக்கறதெல்லாம் இல்ல வஜீ. மூணு வெச்சாத்தான் எங்க பெட்டி வரும். அதுக்கு மேல எறக்கை தனி."

வஜீஹாவும் அண்ணாந்து பார்த்தாள். ஒரு கோபுரம் கண்ணெதிரே இருந்தது. அதன்மேல் இன்னொன்றை மனசுக்குள் தூக்கி வைத்தாள். அதற்கே கழுத்து வலித்தது. மூன்றாவதை வைக்க முடியவில்லை. பிறந்ததிலிருந்து தினமும் கடந்துபோகிற கோபுரம்தான். அன்றைக்குத்தான் அதன் உயரம் அவளுக்குப் புரிந்தது. வெண்டைக்காய்க்காரி, "இன்னாம்மா, வாங்கறியா, வானத்தைப் பாத்துக்கினு கீறியா?" என்று அதட்டியதும்தான் இறங்கிவந்தாள்.

அதற்குப் பிறகு அவள் கேட்கக் கேட்க, அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். காத்தாடி நிற்கிற கோபுரத்துக்குள்ளே ஒரே ஏணி, நேர் செங்குத்தாக. பழைய காத்தாடிகளில் லிஃப்ட் எல்லாம் கிடையாது. வெயில் காலத்தில் உள்ளே நுழைந்தால் இட்லிச் சட்டிக்குள் நுழைந்த மாதிரி. உச்சியில் ஒரு பஸ் அளவுக்குப் பெட்டி. மெஷின் முழுக்க அதற்குள்தான். மூடியைத் திறந்து தலையை வெளியே நீட்டினால் ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் கடல். மழை எந்த ஊரில் பெய்துகொண்டிருக்கிறது, எந்த ஊருக்கு வரப்போகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். பெட்டி லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். புதிதாக வருகிறவன் வாந்தி எடுப்பான்.

"தொழுகை?" என்று கேட்டாள் வஜீஹா.

"பெட்டிலயே. ஆனா ஒரு சிக்கல் கீது. காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தப் பக்கம் பெட்டி திரும்பிக்கும். இன்னைக்கு மக்கா வலது பக்கம்னா நாளைக்கு எடது பக்கம். அறிவுதான் போன்ல பாத்து, 'பாய், இன்னைக்கு ஜெனரேட்டர் பக்கமா நில்லுங்க'ன்னு சொல்வான்."

அறிவு அவருடைய ஜோடி. திருவான்மியூர்க்காரன். மேலே யாரும் தனியாக ஏறக்கூடாது, இரண்டு பேராகத்தான் ஏறவேண்டும் என்பது அந்தத் தொழிலின் முதல் சட்டம். அவ்வளவு தூரம் தெற்கே போய் வேலை பார்க்கிற கூட்டத்தில் மெட்ராஸ்காரர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். பாஷையே இருவரையும் ஒட்டவைத்துவிட்டது. ஊருக்கு வந்தால் அறிவு நேரே சஃப்வான் வீட்டுக்கு வந்து, "அண்ணி, பசிக்குது" என்று உட்கார்ந்துவிடுவான்.

இவ்வளவும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சென்ற மார்ச் மாதத்தில் ஒரு பிற்பகல், ஸ்கேன் சென்டர் மேசையில் இருந்த வஜீஹாவுக்கு சஃப்வானே போன் செய்தார்.

"ஒண்ணும் இல்ல வஜீ. கைல சின்ன அடி."

சின்ன அடிக்குப் போன் செய்கிற ஆள் இல்லை அவர். தோள்பட்டை பிசகியபோது சொன்னதில்லை, முட்டி வீங்கியபோது சொன்னதில்லை. கரண்ட் தீய்த்த தழும்பை இவளாகத்தான் கண்டுபிடித்தாள். மறுநாள் தெற்கே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, வலதுகையில் கடைசி இரண்டு விரல்களும் இல்லை. கட்டு மட்டும்தான் இருந்தது. அவளைப் பார்த்ததும் சஃப்வான், "சிம்ராவை யார்கிட்ட உட்டுட்டு வந்தே?" என்றுதான் முதலில் கேட்டார். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

நடந்தது இதுதான். காத்தாடி என்பது போல்ட்டுகளால் நிற்கிற வஸ்து. ஒவ்வொன்றும் குழந்தையின் கை பருமன். வட்டமாக, வரிசையாக இருக்கிற அத்தனையையும் வருஷத்துக்கு ஒருமுறை முறுக்கிப் பார்க்கவேண்டும். அந்த முறுக்கை மனிதக் கையால் கொடுக்க முடியாது. எண்ணெய் அழுத்தத்தில் ஓடுகிற ஒரு ரெஞ்ச் இருக்கிறது. தூக்கி நட்டின்மேல் பொருத்திவிட்டு, ஒயரில் தொங்குகிற பட்டனை அமுக்கினால், அது பக்கத்து நட்டில் தன் இரும்புக் கையை முட்டுக்கொடுத்துக்கொண்டு தானே முறுக்கும். அந்த முட்டுக்கும் நட்டுக்கும் நடுவில் எது மாட்டினாலும் அவ்வளவுதான்.

சட்டப்படி ரெஞ்சைப் பிடிக்கிறவன் கையில்தான் பட்டனும் இருக்கவேண்டும். ஆனால் அப்படிச் செய்தால் வேலை நகராது என்று எல்லா ஜோடியும் பிரித்துக்கொள்கிறார்கள். ஒருவர் பொருத்துவார், கையை எடுத்துவிட்டு "போடு" என்பார். இன்னொருவர் அமுக்குவார். மறுபடி அடுத்த நட்டு. 'டக்'கென்று ரெஞ்ச் உட்காரும், "போடு", அமுக்கு. டக், போடு, அமுக்கு. காலையிலிருந்து இதே தாளம். அன்றைக்கு ஒரு நட்டில் ரெஞ்ச் கோணலாக உட்கார்ந்தது. சஃப்வான் அதை நேராக்கக் கையைத் திரும்ப உள்ளே விட்டார். "போடு" என்று சொல்லவில்லை. ஆனால் 'டக்' சத்தம் வந்துவிட்டது. அறிவின் கட்டைவிரல் தாளத்துக்குப் பழகிப்போயிருந்தது. அமுக்கிவிட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் வஜீஹாவுக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும். மேலே அடிபட்டவனைக் கயிற்றில் கட்டி இறக்கத் தனிக் கருவியே இருக்கிறது. அதை எடுத்துப் பொருத்த வேண்டியவன் அறிவு. அவன் கை நடுங்கிய நடுக்கத்தில் கொக்கி வளையத்தில் மாட்டவே இல்லை. சஃப்வான் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு, "விடு நைனா. ஏணியிலயே பூடலாம். நீ எனக்குக் கீழ வா" என்றார். நசுங்கிய கையைச் சட்டையோடு நெஞ்சில் கட்டிக்கொண்டு, ஒற்றைக் கையால் ஒவ்வொரு படியாகப் பிடித்து, முழங்கையை மாட்டி மாட்டி, மூன்று கோபுர உயரத்தையும் இறங்கினார். கீழே அறிவு அவர் பாதத்தை எடுத்து எடுத்துப் படியில் வைத்தான், எடையைத் தோளில் தாங்கினான். நின்று நின்று, மயக்கம் வந்து வந்து, இறங்கினார்கள். யா அல்லாஹ், என்ன மனுஷன்! வீட்டில் பரண்மேல் இருக்கிற டின்னை எடுக்க ஸ்டூல் தேடுகிற ஆள்தான் அவர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அறிவு நின்றுகொண்டிருந்தான். சட்டைத் தோளெல்லாம் காய்ந்த ரத்தம்.

"நீதானே பட்டனை அமுக்கினே?" என்றாள் வஜீஹா.

"ஆமா அண்ணி."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவனோடு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் வீட்டுக்கு வந்தால் உள்ளே போய்விடுவாள். இரண்டு முறை வந்தான், அப்புறம் வருவதை நிறுத்திக்கொண்டான். அறிவும் அன்றைக்குப் பிறகு மேலே ஏறவில்லை, கீழே ஸ்டோரில் சாமான் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருக்கிறான் என்று சஃப்வான் சொன்னார். வஜீஹா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

புண் ஆறியது. சஃப்வான் மூன்று விரலால் சோறு பிசையப் பழகினார், பேனா பிடிக்கப் பழகினார். வஜீஹா தன் மாமு அக்பர் பாஷாவிடம் சொல்லி, தி.நகரில் அவர் நடத்துகிற மொபைல் கவர் கடையில் இடம் வாங்கிக்கொடுத்தாள். கடை வேலை, தரையில் வேலை. காலையில் போனால் ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். ஒரு பெண்ணுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? போன் கண்ணாடிமேல் அவர் ஒட்டுகிற தாளில் ஒரு குமிழி இருக்காது என்று மாமு மெச்சிக்கொண்டார். வஜீஹாவுக்கு நிம்மதியாக மூச்சு வந்தது.

ஆனால் ஆள் ஆளாக இல்லை. எதற்கும் முகம் சுளிக்கமாட்டார், கேட்டதற்குப் பதில் சொல்வார், அவ்வளவுதான். பாத்ரூம் நிலையின் மேல்கட்டையைப் பிடித்துத் தொங்குவதை மட்டும் ஒருநாளும் விடவில்லை. எதற்கு என்று அவளும் கேட்கவில்லை. கேட்டால், மறுபடி மேலே ஏறத்தான் என்று பதில் வந்துவிடும் என்ற பயம். ஒருநாள் சிம்ராவுக்கு ஷூ வாங்க பனகல் பார்க் பக்கம் போனபோது, மெட்ரோ வேலைக்காக நிறுத்தியிருந்த கிரேனின்மேல் ஒருவன் ஏறிக்கொண்டிருந்தான். சஃப்வான் நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

"கொக்கி மாட்டாம ஏறறான் பாரு, பேமானி" என்று பல்லைக் கடித்தார். அவன் மேலே போய்ச் சேருகிறவரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. மாதக்கணக்கில் பார்க்காத உயிர் அந்த முகத்தில் இருந்தது. வஜீஹா சிம்ராவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவள் பயந்தது நவம்பரில் வந்தது. டாக்டர் தகுதி என்று சொல்லிவிட்டார். மீட்புப் பயிற்சியை மறுபடி முடித்தால் கம்பெனி மேலே ஏற எடுத்துக்கொள்ளும். முடிக்காவிட்டால் இனி எப்போதும் இல்லை. பயிற்சி நடப்பது திருவான்மியூர் தாண்டி ஒரு மைதானத்தில், இரும்புக் கோபுரத்தில். ஜோடியாக வரவேண்டும்.

"ஜோடி யாரு?"

"அறிவு."

வஜீஹாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஊர்ல வேற ஆளே கெடைக்கலியா? எட்டு மாசம் முன்னாடி உங்க கையைக் கூழாக்கினவன்!"

"ரெண்டு பேரும் சேர்ந்து பண்ண தப்பு வஜீ. ரூல்படி அந்தப் பட்டன் என் கைல இருந்திருக்கணும். அவன் கைல குடுத்தது நான்."

"அவனுக்கு விரல் பத்தும் முழுசா கீதே!"

சஃப்வான், "இப்ப அவன் எதையும் தானா தொடறது இல்ல. ஸ்டோர்ல லைட் போடறதுக்குக்கூட யாராச்சும் சொல்லணும்னு நிக்கறானாம். அவன் கையை வெச்சு நான் எறங்கினாத்தான் ரெண்டு பேருக்கும் சரியாவும்" என்றார்.

"அப்ப நானும் வர்றேன்" என்றாள் வஜீஹா. லீவு போட்டாள். எதற்கு வருகிறாள் என்று சொல்லவில்லை. விடியற்காலைத் தொழுகையில் கையேந்தி அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இந்தப் பரீட்சையில் இவர் தேறக்கூடாது. உயிரோடு, முழுசாக, தோற்று வீட்டுக்கு வரவேண்டும். அல்லாஹ்விடம் புருஷனின் தோல்வியைக் கேட்ட குற்றவுணர்ச்சியோடுதான் பஸ் ஏறினாள்.

பயிற்சி கொடுக்கிறவர் சுப்பராமன், தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். வஜீஹாவைப் பார்த்ததும், "வாங்கோம்மா. அந்த ஷெட்டு நிழல்ல உக்காந்துக்கோங்கோ. பயப்படாம பாருங்கோ. இன்னொரு கயிறு எப்பவும் கட்டியிருக்கும், மேல என் ஆள் ஒருத்தன் இருப்பான்" என்றார். அவள் உட்காரவில்லை. இரும்புக் கோபுரம் கபாலி கோயில் கோபுரத்தில் பாதிதான் இருக்கும். ஆனாலும் அதன் உச்சியைப் பார்க்க அவள் நாலடி பின்னால் நகரவேண்டியிருந்தது. இது ஒன்றுமே இல்லை, இதைப்போல ஆறு வைத்தால்தான் அவருடைய வேலை.

அறிவு வந்தான். பாதியாக இளைத்திருந்தான். "அண்ணி" என்றான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சுப்பராமன் இருவரையும் நிறுத்திச் சொன்னார்: "முதல்ல சஃப்வான் அடிபட்டவர். மயக்கம். மயக்கம்னா மயக்கம்தான், வாயைத் திறக்கப்படாது, கயிறைத் தொடப்படாது. தொட்டா ஃபெயில். அறிவு, நீயா எல்லாம் பண்ணணும். உன்னை யாரும் கேக்கவும் மாட்டா, சொல்லவும் மாட்டா. உன்னால முடியலேன்னா என் ஆள் இறக்கிடுவான். அப்ப ரெண்டு பேரும் ஃபெயில். புரியறதா?"

புரிந்தது என்று அறிவு தலையாட்டினான். அவன் முகம் வெளுத்திருந்ததை வஜீஹா பார்த்தாள். நமக்கு நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஏறினார்கள். புருஷன் ஏறுவதை அவள் வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தாள். என்னத்தைச் சொல்ல! தரையில் கொஞ்சம் கூன்போட்டு, காலை இழுத்து நடக்கிற அதே ஆள், ஏணியில் கைவைத்ததும் வேறு ஆளாகிவிட்டார். அவசரம் இல்லை, தயக்கம் இல்லை. மூன்று விரல் உள்ள கை படியைத் தொட்டதும் தெரியவில்லை, விட்டதும் தெரியவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிற அவளுக்கு, பார்க்கப் பார்க்க நெஞ்சு நிரம்பியது. இதைத்தான் இத்தனை வருஷமாக எனக்குக் காட்டாமல் வைத்திருந்தீர்களா என்று கேட்கவேண்டும்போல் இருந்தது.

உச்சியில் சஃப்வான் மல்லாந்து படுத்தார். அறிவு கொக்கிகளை மாட்டினான். இந்தமுறை கை நடுங்கவில்லை. ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து, மறுபடியும் இழுத்துப் பார்த்தான். பிறகு சஃப்வானை விளிம்புக்கு நகர்த்தி, வெளியே தள்ளினான். அவர் காற்றில் தொங்கினார். ஒரு சுற்றுச் சுற்றி நின்றார். இனி மிச்சம் இருந்தது ஒன்றுதான். கருவியின் பிடியை அமுக்கினால் கயிறு ஓடும், விட்டால் நிற்கும்.

அறிவின் கை பிடியின்மேல் இருந்தது. அமுக்கவில்லை.

கீழே இருந்தவர்கள் காத்திருந்தார்கள். சுப்பராமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். யாராவது ஒரு வார்த்தை சொல்லமாட்டார்களா என்று அறிவு சஃப்வானையே பார்த்துக்கொண்டிருந்தான். சஃப்வான் வாயைத் திறக்கக்கூடாது. திறந்தால் போச்சு.

வஜீஹாவுக்கு அப்போது எல்லாம் தெளிவாகப் புரிந்தது. அவள் கேட்டது இதோ கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. அவள் ஒன்றும் செய்யவேண்டாம். சும்மா நின்றால் போதும். இன்னும் கொஞ்சநேரத்தில் மேலே இருக்கிற சுப்பராமனின் ஆள் வந்து பிடியை வாங்கிக்கொள்வான், இரண்டு பேரும் தோற்பார்கள், சஃப்வான் ஆயுசுக்கும் தி.நகரில் கண்ணாடி ஒட்டுவார்.

புருஷனைப் பார்த்தாள். எட்டு மாதத்துக்கு முன் தன் விரல்களை எடுத்த அதே கையின் கீழே, ஒரு கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தார். இரண்டு கைகளும் சும்மா மடியில் கிடந்தன. சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்குக் கீழே சாய்ந்திருக்கிறவர் மாதிரி கிடந்தார். பயம் என்பது மருந்துக்கும் இல்லை. அறிவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கோ என்பதுபோல. வாய் திறக்காமல் ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனை இப்படித் தாங்கமுடியுமா? இவ்வளவு பெரிய ஆளோடு ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேனே, எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று நினைத்தாள்.

"போதும். டேய், நீ வாங்கிக்கோ" என்று மேலே இருந்தவனுக்குச் சைகை காட்ட சுப்பராமன் கையைத் தூக்கினார்.

"அறிவு!" என்று வஜீஹா கத்தினாள்.

மைதானமே திரும்பிப் பார்த்தது. அறிவும் பார்த்தான்.

"இன்னாத்துக்கு நிக்கறே? உன் கைதானே அது? எறக்கு உங்க பாயை! நான் கீழதான் நிக்கறேன். எறக்குடா!"

அவன் கை அமுங்கியது. கயிறு ஓடத் தொடங்கியது. சஃப்வான் ஒரு குலுக்கல் இல்லாமல், ஒரே சீராக, வெயிலில் இறங்கி வந்தார். வஜீஹா அண்ணாந்தபடியே நின்றாள். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் ஊற்றியது. தரைக்கு ஓர் ஆள் உயரத்தில் கயிறு மெதுவாகி, அவர் பாதம் புல்லைத் தொட்டபோது சத்தம்கூட வரவில்லை.

சுப்பராமன் கொஞ்சநேரம் தாடையைச் சொறிந்தார். "அடிபட்டவன் பேசப்படாதுன்னுதான் சொல்லியிருக்கு. அவன் ஆம்படையா பேசப்படாதுன்னு எங்கயும் இல்லையே" என்றார். "பாஸ். சாப்பிட்டுட்டு வாங்கோ. அடுத்தது அறிவு அடிபட்டவன், சஃப்வான் இறக்கணும்."

அறிவு ஏணி வழியாக இறங்கி வந்து, கிட்டே வராமல் தள்ளி நின்றான். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சஃப்வான் போய் அவன் பிடரியில் ஒரு தட்டுத் தட்டி இழுத்துக்கொண்டு வந்தார். சஃப்வான் தலைக்கவசத்தைக் கழற்றினார், கையுறையைக் கழற்றப் போனார். அப்போதுதான் வஜீஹா அதைக் கவனித்தாள். வலதுகைக் கையுறையில் கடைசி இரண்டு விரல்களும் காலியாகத் தொங்கின. அவர் கையை அசைக்கும்போதெல்லாம் அவையும் சேர்ந்து ஆடின.

"இத்தோடயா கயிறைப் புடிக்கப் போறீங்க? மெஷின்ல மாட்டினா இன்னாவறது?"

"பரவால்ல வஜீ, மடிச்சு உட்டுக்குவேன்."

"கிழிச்சீங்க. குடுங்க இப்டி." கையுறையைப் பிடுங்கிக்கொண்டாள். "சார், ஊசி நூல் கெடைக்குமா?"

பெல்ட்டுகளைத் தைக்கிற தடித்த ஊசியும் நூலும் ஷெட்டிலிருந்து வந்தன. வஜீஹா கோபுரத்தின் சிமெண்ட் அடியிலேயே உட்கார்ந்தாள். காலி விரல்கள் இரண்டையும் உள்பக்கமாகத் திருப்பிவிட்டு, அடியோடு சேர்த்து இறுக்கித் தைத்தாள். தோல் கெட்டியாக இருந்தது. ஊசியை உள்ளங்கையால் அழுத்தி அழுத்தித் தள்ளவேண்டியிருந்தது. ஒரு தையல் போதாது என்று இன்னொரு சுற்றும் போட்டாள். கண்ணீரைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, எதிரே நின்றவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா வேடிக்கை பாத்துக்கினு நிக்கறே? பையில சோறு கீது. எடுத்து வெச்சு நீயும் சாப்புடு."

"சரி அண்ணி" என்று அறிவு ஓடினான்.

சஃப்வான் அவள் பக்கத்தில் குந்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் தேறக்கூடாதுன்னுதானே நீ வந்தே?" என்றார்.

வஜீஹா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"இப்பவும் அப்டித்தான். கையை நீட்டுங்க, சரியா கீதான்னு பாக்கணும்."

அவர் நீட்டினார். அவளே மாட்டிவிட்டாள். மூன்று விரல்களையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். எங்கேயும் தொங்கவில்லை.